தவிட்டுக்கு வாங்கிய மகள்

அவரை அத்தை என்றுதான் கூப்பிட்டேன். உண்மையில் எங்களுக்கும் அவர்களுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. நாங்கள் வந்தவாசிப் பக்கம் இருந்த நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு ஆரணிக்கு வந்து, நெசவாளர் தெருவில் வாடகைக்குக் குடியிருந்தவர்கள். அவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பட்டு நெய்து விற்கிற குடும்பம். ஆனால் முறை தெரியாமல் ஒரு ஆளோடு எப்படிப் பேசுவது என்பது அத்தைக்குத் தெரியாது. நாங்கள் குடிவந்த அன்றைக்கே வாசலில் என் அம்மாவை நிறுத்தி வைத்து, பிறந்த ஊர் எது, பெற்றவளின் ஊர் எது, யார் வீட்டுப் பக்கத்தில் யார் என்று விசாரித்தார். சேத்துப்பட்டில் அம்மாவின் பெரியப்பா, பக்கத்து வீட்டு நெசவுக்காரர் ஒருவரை மச்சான் என்று கூப்பிடுவாராம். அந்த மச்சான் இவருக்குச் சித்தப்பா முறை. ஆகவே என் அம்மா இவருக்கு நாத்தனார், நான் மருமகன். அம்மாவுக்கு அந்தக் கணக்கு கடைசிவரை புரியவில்லை. ஆனாலும் மறுநாள் காலை நாத்தனார் வீட்டிலிருந்து குழம்பு வந்தது.

முறை சொல்வதுதான் அத்தை. அவரைப் பற்றி வேறு எதைச் சொன்னாலும் சுற்றிச் சுற்றி அதில்தான் வந்து நிற்கும். நெசவுக்காரக் குடும்பங்களில் பெண்ணைச் சொந்தத்தில் கொடுத்து சொந்தத்திலேயே எடுப்பார்கள். அக்கா மகளைத் தம்பி கட்டுவான். அத்தை மகனுக்கு மாமன் மகள். இரண்டு தலைமுறை போனால் ஒரே ஆள் இன்னொருவருக்குப் பெரியப்பாவும் ஆவார், மைத்துனரும் ஆவார். எந்த வழியைப் பிடிப்பது என்று குழம்புகிறவர்கள் அத்தையிடம் வருவார்கள். கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போகும் முன் அத்தையின் கைக்கு வரும். ஒருமுறை ஒரு மண்டபத்தில், கூடப்பிறந்த தாய்மாமன் இல்லாத மணப்பெண்ணுக்கு அந்த இடத்தில் யார் நின்று மாலை போடுவது என்று இரண்டு பெரியவர்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மோதினார்கள். நாதஸ்வரக்காரர் கூட வாசிப்பதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார். ஆள் அனுப்பி அத்தையைக் கூப்பிட்டார்கள்.

அவர் வந்து ஒரு நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். வலது கட்டைவிரலால் மற்ற விரல்களின் கணுக்களை ஒவ்வொன்றாக அழுத்திக்கொண்டே போனார். உதடு அசைந்தது. கூட்டத்திலிருந்து யாரோ, "அதான் முள்ளிப்பட்டு பெரியவரு இருக்காரே, அவரு பொண்ணு..." என்று ஆரம்பித்தார்கள். அத்தை கண்ணைத் திறக்காமல் இடது கையைத் தூக்கினார்.

"எடுத்துக் குடுக்காத. நானே எடுக்கிறேன்."

எடுத்தார். உயரமாக இருந்த பெரியவர்தான் முறை என்றார். காரணத்தையும் பாட்டன் காலத்திலிருந்து இறக்கி வைத்தார். குட்டையானவர் மறுபேச்சில்லாமல் வேட்டியை இறக்கிவிட்டார். அதன் பிறகு அத்தை தண்ணீர் கேட்டார். ஒரு சொம்புத் தண்ணீரையும் ஒரே மூச்சில் குடித்தார்.

அந்தத் தண்ணீரை நான் கவனித்தது அன்றுதான். மேலுதட்டில், மூக்குத்திக்குக் கீழே வியர்வை முத்து முத்தாக நின்றது. மார்கழி மாதம், மண்டபத்தில் மற்றவர்கள் துண்டைப் போர்த்திக்கொண்டிருந்தார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு முறையும் பார்த்தேன். கண், விரல், வியர்வை, பிறகு தண்ணீர். பாறையைப் புரட்டி அடியிலிருந்து எடுக்கிற மாதிரிதான் ஒவ்வொரு பதிலையும் எடுத்தார். ஊர் பதிலை மட்டும் பார்த்தது. அத்தைக்கு ஞாபகசக்தி கடவுள் கொடுத்தது என்று பேசிக்கொண்டார்கள். கடவுள் சும்மா கொடுத்த மாதிரி எனக்குத் தெரியவில்லை.

எதற்காக அப்படிப் பாடுபட்டார் என்பதைப் பின்னால் ஒருநாள் அவரே சொன்னார். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே, யாருடைய கதையையோ சொல்வது போலச் சொன்னார். அவருடைய அம்மாவுக்கு ஐம்பதைத் தாண்டியதும் மறதி வந்திருக்கிறது. முதலில் உப்பு, பிறகு அடுப்பு, பிறகு வீட்டுக்கு வரும் வழி.

"பேர மறந்தா பரவால்லடா. முறைய மறந்துட்டா. பெத்த பொண்ணு நானு, என்னப் பாத்து அண்ணின்னு கூப்ட்டா."

சொல்லிவிட்டு அடுத்த கல்லைத் தேடினார். அம்மா போனது இந்த வீட்டில்தான். கடைசிவரை அண்ணி என்றுதான் கூப்பிட்டார் என்றும் சொன்னார்.

அத்தையின் கணவரை நானும் மாமா என்றுதான் கூப்பிட்டேன். அத்தைக்கு அவர் நிஜமாகவே மாமா. மறதி வந்த அவர் அம்மாவின் கூடப்பிறந்த தம்பி. முள்ளிப்பட்டில் பல வீடுகளுக்குப் பாவு நூலும் பட்டும் டிசைனும் கொடுத்து, நெய்த சேலையை வாங்கி விற்கிறவர். தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை, முள்ளிப்பட்டிலிருந்து இரண்டு நெசவாளர்கள் தனித்தனியாக வந்து ஆளுக்கொரு சேலையைப் பிரித்து வைத்தார்கள். இரண்டும் ஒரே சேலை. அரக்கு நிறம், பச்சைக் கரை, கரையில் அன்னம். வேலூரில் ஒரு வீட்டுக்கு முகூர்த்தப் பட்டு. இதே மாதிரி உலகத்தில் இன்னொன்று இருக்காது என்று மாமா வாக்குக் கொடுத்து ஆர்டர் எடுத்தது. ஒரு தறிக்குக் கொடுத்ததை மறந்து இன்னொரு தறிக்கும் கொடுத்திருக்கிறார்.

மாமா இரண்டாவது நெசவாளரைப் பிடித்துக்கொண்டு, டிசைனை எங்கே திருடினாய் என்று கத்தினார். அந்த ஆள், "நீங்கதானுங்க உங்க கையால குடுத்தீங்க" என்று கண் கலங்கி நின்றார். தெருவே எட்டிப் பார்த்தது. அத்தை உள்ளேயிருந்து வந்து இரண்டாவது சேலையை மடித்து எடுத்துக்கொண்டார். "இத நான்தான் சொல்லி நெய்யச் சொன்னேன். எம் மருமகளுக்கு. இவுருகிட்ட சொல்ல மறந்துட்டேன்" என்றார். மறந்துவிட்டேன் என்று அத்தை சொல்லி அன்றைக்குத்தான் கேட்டேன்.

மருமகள் என்றது அவர் தம்பியின் மகளை. தம்பி சேத்துப்பட்டில் ஜவுளிக்கடை வைத்திருந்தார். அந்தப் பெண் பிறந்தபோதே அத்தையின் மகனுக்கு என்று பேசி வைத்தது. பள்ளிக்கூட நாளிலேயே அதைச் சொல்லிக் கேலி செய்தால் முகம் சிவந்து உள்ளே ஓடுவாள். சேலை பீரோவுக்குப் போனது. வேலூர்க்காரர்களுக்குக் கொடுத்த வாக்கையும் ஒருவகையில் காப்பாற்றியாயிற்று. அன்று முதல் அத்தை மாமாவின் பின்னாலேயே நின்றார். தனக்கு யாரும் எடுத்துக் கொடுக்கக் கூடாது என்றவர் அவருக்கு நாள் முழுக்க எடுத்துக் கொடுத்தார்.

நான் அதற்குள் பெங்களூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் பிரிவில் டெக்னீஷியனாகச் சேர்ந்திருந்தேன். இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருக்கும். மாமாவுக்கு வழி தவறத் தொடங்கியதும் இரண்டு பேரையும் அங்கே அழைத்துப் போனேன். மாமாவுக்கு வந்திருப்பது அல்சைமர் என்று சொன்னார்கள். சொன்ன டாக்டரம்மா தமிழ் பேசுகிறவர்; இந்த நோய் உள்ள குடும்பங்களில் நன்றாக இருக்கிறவர்களின் மூளை எப்படி வேலை செய்கிறது என்று ஆராய்ச்சியும் செய்துகொண்டிருந்தார். நீங்கள் வருகிறீர்களா என்று அத்தையைக் கேட்டார். அத்தை சரி என்றார்.

மெஷினை ஓட்டியது நான்தான். உள்ளே படுத்திருக்கிறவருக்குக் கண்ணாடியில் ஒவ்வொரு முகமாகக் காட்டி, கூடவே ஒரு பெயரும் காட்டுவோம். பிறகு கலைத்துப் போட்டுக் கேட்போம். சரி என்றால் ஒரு பட்டன், தப்பு என்றால் இன்னொன்று. தறிச் சத்தத்தில் வளர்ந்தவருக்கு மெஷினின் தடதடப்பு ஒரு பொருட்டாக இல்லை. வெளியே வந்ததும் தண்ணீர் கேட்டார். அந்த ஏசி அறையில் எனக்குக் கை விறைத்துப்போயிருந்தது; அவருக்கு மேலுதட்டில் வியர்வை.

"பேரு குடுத்தீங்க, முறை குடுக்கலியே" என்று என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். "முறை இல்லாத மூஞ்ச எப்டிடா ஞாபகம் வெச்சிக்கிறது? நானே ஆளுக்கொரு முறை வெச்சிக்கினேன். அந்த மீசக்காரன் எனக்குக் கொழுந்தன்."

எல்லாப் பதிலும் சரி என்று டாக்டரம்மா பாராட்டினார். பிறகு அத்தை கேட்டதால் பொதுவாக விளக்கினார். இந்த நோய் வரும் வாய்ப்பைக் கூட்டுகிற ஒரு ஜீன் உண்டு. அது இருந்தால் வந்தே தீரும் என்றில்லை, இல்லாதவருக்கும் வரலாம். எல்லா ஜீனும் அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என்று ஜோடியாக வரும். இரண்டு பக்கமும் அதுவே வந்தால் வாய்ப்பு இன்னும் கூடுதல். அப்படிப்பட்டவர்கள் நன்றாக இருக்கும்போதே, மற்றவர்கள் சொல்கிற அதே பதிலைச் சொல்ல, அவர்கள் மூளை அதிக இடங்களில் வேலை செய்வதைப் படத்தில் பார்க்க முடிகிறது.

அத்தை முந்தானையால் மேலுதட்டைத் துடைத்துக்கொண்டார். "சேலை ஒண்ணுதான். நெய்யற ஆளு மட்டும் ஜாஸ்தி. அப்டித்தானே?"

டாக்டரம்மா சிரித்து, அப்படித்தான் என்றார். அத்தை சிரிக்கவில்லை. யார் ரத்தத்தில் என்ன இருக்கிறது என்று டாக்டரம்மா சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்பது அங்கே விதி. நானும் அத்தையின் படத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் முறை சொல்லியே வாழ்ந்தவருக்கு, ஒன்று அம்மா பக்கம் ஒன்று அப்பா பக்கம் என்றதுமே மீதி புரிந்துவிட்டது. வேலூர் பஸ் ஏறினோம். ஜன்னலோரம் மாமா தூங்கிக்கொண்டு வந்தார். அத்தையின் கட்டைவிரல் மட்டும் கணு கணுவாக நகர்ந்துகொண்டிருந்தது.

வேலூரில் பஸ் மாறும்போது சொன்னார். "எங்கம்மாவும் மாமாவும் ஒரு வயித்துப் புள்ளைங்க. எம் புள்ளைக்கு நானும் அந்த வூடு, அவுங்கப்பாவும் அந்த வூடு. ரெண்டு பக்கத்துச் சீரும் ஒரே வூட்லேர்ந்து வருது." மாமாவின் தோள்துண்டைச் சரிசெய்தார். "எந் தம்பியும் அந்த வயித்துப் பேரன்தான். அவன் பொண்ணையும் இங்கயே கொண்டாந்து கட்டுனா, பொறக்கறதுக்கு இன்னாடா மிஞ்சும்?"

வாய்ப்புதான், நிச்சயம் இல்லை என்று டாக்டரம்மா சொன்னதையே திருப்பிச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். பிறகு, இதை யாரிடமும் மூச்சு விடாதே என்றார். கல்யாணம் வேண்டாம் என்று சும்மா சொன்னால் தம்பியோடு உறவு அறும். காரணத்தைச் சொன்னால் அந்த வம்சத்தில் இருக்கிற ஒரு பெண்ணையும் யாரும் எடுக்க மாட்டார்கள். இரண்டையும் செய்ய முடியாது. கல்யாணத்தையும் செய்ய முடியாது. மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஆரணி பஸ்ஸில் ஏறினார்.

அடுத்த தை மாதம் பொங்கலுக்கு நான் ஊருக்கு வந்திருந்தபோது, அத்தையின் தம்பி பழம் வெற்றிலை பாக்கோடு வந்தார். தட்டு மாற்ற நாள் பார்க்க வேண்டும் என்று வந்தார். மகளையும் கூட்டி வந்திருந்தார். சென்னையில் வேலையில் இருந்த அத்தையின் மகனும் வந்திருந்தான். நான்கைந்து பெரியவர்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்து வீட்டு மருமகன் என்ற முறையில் நானும்.

அத்தை தட்டைத் தொடவில்லை. "இது முறை இல்ல தம்பி" என்றார்.

மாமன் மகள் முறை இல்லை என்றால் வேறு எதுதான் முறை? எல்லாரும் அத்தையைப் பார்த்தோம். அவர் சொன்னார். தம்பிக்கு முதல் குழந்தை பிறந்து தங்கவில்லை. இரண்டாவதுதான் இந்தப் பெண். இதுவும் தங்காமல் போய்விடுமோ என்ற பயத்தில், தம்பி மனைவி குழந்தையை முறத்தில் வைத்து வாசல்படி தாண்டித் தன் கையில் கொடுத்தாள். எங்கள் பக்கமெல்லாம் உள்ள வழக்கம்தான். பிறந்த குழந்தையை வேறொருத்திக்குத் தவிட்டுக்கு விற்றுவிட்டு, பிறகு தாயே தவிடு கொண்டுவந்து கொடுத்துத் திருப்பி வாங்கிக்கொள்வாள். இன்னொருத்தி பிள்ளை என்று எமன் ஏமாந்து போவான்.

"தவிடு குடுத்து நான் வாங்குனேன். திருப்பி வாங்கிக்கறதுக்கு அவ தவிடு கொண்டாரணும். கொண்டாரல. காய்ச்சல்ல படுத்துட்டா. அப்புறம் நானும் மறந்தேன், அவளும் மறந்தா. இன்னி வரைக்கும் இவ எம் பொண்ணுதான். எம் பையனுக்குத் தங்கச்சி."

தம்பியின் மனைவி இறந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. அத்தையின் அம்மாவும் இல்லை. மாமா கூடத்து மூலையில் யாரையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். தம்பி திகைத்துப்போய், "அப்டி ஒண்ணும் எனக்குத் தெரியாதேக்கா" என்றார். நீ அப்போது பட்டு வாங்கப் போயிருந்தாய், ஊரில் இல்லை என்றார் அத்தை. தம்பி யோசித்தார். குழந்தை பிறந்த சமயம் அவர் கர்நாடகத்துக்கு அலைந்துகொண்டிருந்தது உண்மை. இப்போது தவிடு கொண்டுவந்தால் ஆகாதா என்று ஒரு பெரியவர் வழி கேட்டார். வயதுக்கு வந்த பெண்ணைத் தவிட்டுக்கு வாங்க முடியாது என்று அத்தை சொன்னதும், கேட்டவரே தலையை ஆட்டிக்கொண்டார். அத்தை சொன்னால் சொன்னதுதான். ஆயுசு முழுக்க ஒரு முறைகூடத் தப்பாகச் சொல்லாதவர். அந்தப் பேர் முழுவதையும் அன்று ஒரே தடவையில் செலவழித்தார்.

சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அந்தப் பெண் கூடத்துக்கு வந்தாள். அழவில்லை. "அப்ப நான் உங்கள இன்னான்னு கூப்டறது?" என்று கேட்டாள்.

"அம்மான்னு கூப்டு."

அவள் எதுவும் கூப்பிடாமல் போய் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டாள். எனக்கு அன்று அத்தை மீது கோபம் வந்தது. அவர் செய்தது சரி என்று தெரிந்தும் வந்தது.

அது பொய் என்று எனக்கு அப்போதே தெரியும். அத்தை கண்ணை மூடவில்லை. விரல்கள் மடியில் சும்மா கிடந்தன. வழவழவென்று ஒரே ஓட்டமாகச் சொல்லி முடித்தார். மறுநாள் பெங்களூருக்குக் கிளம்பும்போது சொல்லிக்கொள்ளப் போனேன். யாரும் பக்கத்தில் இல்லை. "நேத்து நீங்க தண்ணி கேக்கலியே அத்தை" என்றேன்.

"தேடுனாத்தானேடா தாகம் எடுக்கும்" என்றார். பிறகு, ஊருக்குப் போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு என்று வழக்கம்போல் சொல்லி அனுப்பினார்.

அந்தப் பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடியதும் அத்தைதான். வாழ்நாளிலேயே முதல் தடவையாக, எந்த வழியிலும் சொந்தம் இல்லாத இடமாகத் தேடினார். வருகிற ஜாதகங்களில் ஏதாவது ஒட்டு தெரிந்தால் உடனே தள்ளினார். கிழவிக்கு என்ன ஆயிற்று என்று தெரு சிரித்தது. கடைசியில் வந்தவாசியில் ஒரு இடம் அமைந்தது. கல்யாணத்தில் தாயின் இடத்தில் நின்று அத்தை சீர் வைத்தார். தட்டில் மேலாக இருந்தது அரக்கு நிறத்தில் பச்சைக் கரை, கரையில் அன்னம். மாமாவின் மறதியில் நெய்த சேலையைக் கட்டிக்கொண்டு அவள் மணவறையில் உட்கார்ந்தாள். அத்தை மகனுக்கும் பிறகு உறவு இல்லாத அசலில்தான் பெண் எடுத்தார்கள்.

மாமா போன பிறகு அத்தைக்கும் தொடங்கியது. முறை கேட்டு வருகிறவர்கள் குறைந்தார்கள். சொன்ன முறை தப்பாகப்போய் ஒரு வீட்டில் சண்டையே வந்ததாம். இரண்டாயிரத்துப் பத்துக்குச் சற்று முன்னால் நான் கடைசியாகப் பார்க்கப் போனபோது, கட்டிலில் உட்கார்ந்திருந்தவர் நிமிர்ந்து பார்த்து, "வாங்க சார், உக்காருங்க" என்றார். மருமகன் வேலை போய்விட்டது. இத்தனை வருடம் மெஷின் பக்கத்தில் நின்று எத்தனையோ பேரைப் பார்த்தவன்தான்; ஆனாலும் அந்த சார் எனக்கு வலித்தது.

மகன் சென்னையிலிருந்து வந்து பக்கத்தில் இருந்தான். இவன் யார் என்று கேட்டேன். பேங்க்காரர் என்றார். மகன் பழகியவன் போலத் தலையைக் குனிந்துகொண்டான். அப்போது வந்தவாசியிலிருந்து அந்தப் பெண் வந்தாள். வெள்ளிக்கிழமை தவறாமல் வந்து தலைக்குக் குளிப்பாட்டிவிட்டுப் போகிறாள் என்று மகன் சொன்னான். "அம்மா, சாப்டீங்களா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தாள். எந்த வருடத்திலிருந்து அம்மா என்று கூப்பிடத் தொடங்கினாள் என்று எனக்குத் தெரியாது.

"இவுங்க யாரு?" என்று கேட்டேன்.

அத்தை அவளைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். அவள் பொறுக்காமல், "நான்தாம்மா..." என்று ஆரம்பித்தாள். அத்தை இடது கையைத் தூக்கினார்.

"எடுத்துக் குடுக்காத."

கண்ணை மூடிக்கொண்டார். வலது கட்டைவிரல் சுண்டுவிரலின் அடிக்கணுவில் போய் நின்றது; அங்கேயே தடுமாறியது; பிறகு மேலே ஏறத் தொடங்கியது. உதடு அசைந்தது. மூக்குத்தி கழற்றிய மூக்கின் கீழ், மேலுதட்டில் வியர்வை வந்தது.

"மொறத்துல வெச்சிக் குடுத்தாங்க" என்றார். "தவிட்டுக்கு வாங்குனேன். திருப்பிக் குடுக்கல. எம் பொண்ணு."

கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டார்.